யூரின் ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது, லூபஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வியைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். தங்கைக்கு வயது 26, எடை 50 கிலோ. லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் உறுப்புகளைத் தாக்கும் நோய், சிறுநீரகத்தைத் தாக்கியது. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பயாப்சியில் 4-ஆம் வகுப்பு, அதாவது பாதிக்கு மேற்பட்ட வடிகட்டிகளில் அழற்சி என்று வந்தது. நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் சைக்ளோபாஸ்பமைடு ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு போட்டார்கள். அதன் பிறகு அதே வேலையைச் செய்யும் மைக்கோஃபெனோலேட் மாத்திரை, குறைந்த அளவில் ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸி குளோரோகுயின், ஒரு பிரஷர் மாத்திரை. இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு வருடமாக சிறுநீரில் புரதம் இல்லை, சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவதைக் காட்டும் கிரியேட்டினின் 0.8, நார்மல். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அண்ணன் கேட்கிறார்: "எல்லாம் நார்மல் ஆன பிறகும் எதற்கு இத்தனை மாத்திரை? எப்போது நிறுத்தலாம்? கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆகும்? உறவினர் ஒருவர் சொன்ன நாட்டு மருந்தைக் கொடுக்கலாமா?"

நேராகச் சொல்கிறேன். இப்போது நிறுத்த வேண்டாம். உலகெங்கும் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ அமைப்பு 2024-இல் வெளியிட்ட லூபஸ் வழிகாட்டுதலின்படி, ஆரம்ப ஊசிக் காலத்தையும் சேர்த்துக் குறைந்தது 36 மாதம் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து ஓட வேண்டும். குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு முடிந்த மறுநாளே நிறுத்திவிடலாம் என்பதல்ல, அதற்கு முன்னால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சிறுநீர்ப் பரிசோதனை சொல்வது, சிறுநீரக வடிகட்டிகளிலிருந்து புரதம் ஒழுகுகிறதா இல்லையா என்பதை மட்டும். உள்ளே அழற்சி மிச்சம் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. முழுதாகத் தேறிவிட்டதாகத் தோன்றும் நோயாளிகளுக்கு மறுபடி பயாப்சி செய்து பார்த்த ஆய்வுகள் உண்டு. புரதம் நின்று, கிரியேட்டினின் இறங்கி, மாதக்கணக்கில் நன்றாக இருந்தவர்களிலும் ஒரு பகுதியினருக்குத் திசுவுக்குள் அழற்சி நீறு பூத்த நெருப்பாக இருந்தது. அர்ஜென்டினாவில் இப்படி மறு பயாப்சி செய்துவிட்டு மருந்தைக் குறைத்துப் பார்த்த குழுவினர், நோய் திரும்பியது பெரும்பாலும் அழற்சி மிச்சம் இருந்தவர்களுக்குத்தான் என்று கண்டார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கொஞ்சம் புரதம் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே பார்த்தால் அழற்சி முழுக்க அடங்கி வெறும் தழும்பு மட்டும் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு.

நோய் அடங்கிய பிறகும் மருந்தைத் தொடர வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே நிறைய வருடம் ஆனது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், சைக்ளோபாஸ்பமைடு ஊசியை மாதம் ஒருமுறை ஆறு மாதம் போட்டு நிறுத்தியவர்களையும், அதற்கு மேலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டு தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 1992-இல் முடிவு வந்தது: சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. சரி, தொடர்ந்து போடலாம் என்றால் அந்த ஊசி கருப்பையை ஒட்டிய சூலகங்களைக் கெடுக்கும், தொற்று வரவழைக்கும். லூபஸ் வருவதோ பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு. 2004-இல் மயாமியில் 59 பேரை வைத்து நடந்த ஆய்வு இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு சிலருக்கு அதே ஊசியைத் தொடர்ந்தார்கள், சிலருக்கு அசாதயோபிரின் மாத்திரை, சிலருக்கு மைக்கோஃபெனோலேட் மாத்திரை. மாத்திரை சாப்பிட்ட இரண்டு குழுவும் ஊசிக் குழுவைவிட நன்றாக இருந்தது, பக்கவிளைவும் குறைவு. இன்றைய பராமரிப்பு சிகிச்சை அங்கிருந்து வந்ததுதான்.

இடையில் ஒரு ஆறுதல். உங்கள் தங்கைக்குப் போட்டது ஐரோப்பிய முறை என்று தெரிகிறது. ஒரு தடவைக்கு 500 மி.கி., மொத்தமே 3 கிராம். பழைய அமெரிக்க முறையில் ஏறும் அளவோடு பார்த்தால் இது கொஞ்சம்தான். இந்த அளவில் சூலகம் கெடுவது அரிது. அந்த ஊசியை நினைத்து "இனி குழந்தையே பிறக்காதோ" என்று வீட்டில் யாராவது பேசினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மைக்கோஃபெனோலேட்டா அசாதயோபிரினா என்பதில் இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகப் பேசின. ஐரோப்பாவில் 105 பேரை வைத்து நடந்த மெயின்டெய்ன் ஆய்வில் (2010) இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பல நாடுகளில் 227 பேரை வைத்து நடந்த ஆல்ம்ஸ் ஆய்வில் (2011) மூன்று ஆண்டு முடிவில் சிகிச்சை தோற்றது மைக்கோஃபெனோலேட் குழுவில் சுமார் 16 சதவீதம், அசாதயோபிரின் குழுவில் சுமார் 32 சதவீதம். ஆல்ம்ஸில் முதல் கட்ட சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்களை மட்டும் சேர்த்தார்கள், பல இனத்தவரும் இருந்தார்கள். மெயின்டெய்னில் பெரும்பாலும் வெள்ளையர்கள். அதனால் இரண்டையும் அப்படியே எதிரெதிரே நிறுத்த முடியாது. என் கணிப்பு: கைக்கு எட்டுமானால், குழந்தை பெறும் திட்டம் உடனடியாக இல்லையென்றால், மைக்கோஃபெனோலேட். பணம் நெருக்கினால் அசாதயோபிரின். மைக்கோஃபெனோலேட்டை வாங்க முடியாமல் விட்டு விட்டுச் சாப்பிடுவதைவிட, விலை குறைந்த அசாதயோபிரினை ஒழுங்காகச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். பணம்தான் பிரச்சினை என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலர் வெட்கப்பட்டுச் சொல்லாமல், இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிக்கொள்கிறார்கள்.

மைக்கோஃபெனோலேட் இரண்டு உருவில் கிடைக்கிறது. மொஃபெட்டில் வகையில் 500 மி.கி., சோடியம் வகையில் 360 மி.கி. இரண்டும் சமம். கடையில் ஒன்று இல்லையென்று இன்னொன்றைக் கொடுத்தால் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நீங்களாகக் கணக்குப் போடவும் வேண்டாம். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அமிலத்தைத் தணிக்கும் ஜெலூசில் போன்ற மருந்துகளை அதே நேரத்தில் குடித்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. வயிற்றுப்போக்குதான் இதில் அடிக்கடி வரும் தொல்லை.

அசாதயோபிரினுக்கு மாறினால் வேறு கவனம் வேண்டும். இந்த மருந்தை உடம்பு உடைக்கும் விதம் மரபணுவைப் பொறுத்தது. நட்15 என்ற மரபணுவில் ஒரு மாறுதல் ஆசியர்களிடம், இந்தியர்களிடமும், கணிசமாக உண்டு. அது இருப்பவர்களுக்கு சாதாரண அளவே வெள்ளணுக்களைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பது அதற்குத்தான். யூரிக் அமிலத்துக்கான அலோபுரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ இதோடு சேரவே கூடாது. காலில் வீக்கம், யூரிக் அமிலம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று வேறொரு மருத்துவர் தெரியாமல் எழுதிவிடக்கூடும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கட்டும்.

சரி, நிறுத்தினால் என்ன ஆகும்? இதையே நேராகக் கேட்ட ஆய்வு பிரான்ஸில் நடந்தது, வின் லூபஸ் என்று பெயர். 2022-இல் வெளியானது. இரண்டு மூன்று ஆண்டு பராமரிப்பு சிகிச்சையில் நன்றாக இருந்த 96 பேர். பாதிப் பேர் தொடர்ந்தார்கள், பாதிப் பேர் மைக்கோஃபெனோலேட்டையோ அசாதயோபிரினையோ நிறுத்தினார்கள். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் எல்லோருக்கும் தொடர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்தவர்களில் 12.5 சதவீதத்தினருக்கும் நிறுத்தியவர்களில் 27.3 சதவீதத்தினருக்கும் சிறுநீரக நோய் திரும்பியிருந்தது. சிறுநீரகம் மட்டுமல்லாமல் உடம்பில் எங்கு லூபஸ் கடுமையாகக் கிளம்பினாலும் சேர்த்து எண்ணினால், நிறுத்தியவர்களில் 31.8 சதவீதம்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்கலாம். நிறுத்தியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு அந்த இரண்டு ஆண்டில் சிறுநீரகத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மைதான். அந்த ஏழில் ஒருத்தியாக உங்கள் தங்கை இருப்பாளா, மீதி மூன்றில் ஒருத்தியா என்று முன்கூட்டிச் சொல்ல நம்மிடம் உறுதியான வழி இல்லை. மறு பயாப்சி ஓரளவு உதவும். நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் வடிகட்டிகள் நிரந்தரமாகப் போகும், போனது திரும்பி வளராது. 26 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சிறுநீரகம் இன்னும் ஐம்பது வருடம் உழைக்க வேண்டும். அதனால்தான் நான் அவசரப்பட மாட்டேன்.

எந்த வரிசையில் குறைப்பது என்பதில் வீட்டார் நினைப்பதும் மருத்துவர் செய்வதும் நேர்மாறாக இருக்கும். "எல்லாவற்றையும் விட சின்ன மாத்திரை அதுதானே" என்று முதலில் ஹைட்ராக்ஸி குளோரோகுயினை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கடைசி வரை போக வேண்டியது அதுதான். நோய் திரும்புவதைக் குறைக்கிறது, ரத்தம் உறைவதைக் குறைக்கிறது, கர்ப்பத்திலும் தொடரலாம், விலையும் குறைவு. லூபஸில் இவ்வளவு வேலையை இவ்வளவு சாதுவாகச் செய்யும் இன்னொரு மருந்தை எனக்குத் தெரியாது.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அளவு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. 50 கிலோ பெண்ணுக்கு 250 மி.கி. வருகிறது. ஒருநாள் 200, மறுநாள் 300 என்று மாற்றி மாற்றி எழுதுவது இதற்காகத்தான். யோசிக்காமல் தினம் 400 எழுதப்பட்டிருந்தால், எடையைச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். அளவு கூடினாலோ, வருடங்கள் கூடினாலோ, சிறுநீரகம் மந்தமானாலோ விழித்திரை கெடும் வாய்ப்பு ஏறும். சரியான அளவில் முதல் பத்து ஆண்டில் அந்த வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு, இருபது ஆண்டைத் தாண்டினால் சுமார் 20 சதவீதம் வரை போகிறது. ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்தாம் ஆண்டிலிருந்து வருடா வருடம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அதற்கு முன்பே தொடங்க வேண்டும். சாதாரணமாகக் கண்ணாடிக்குப் பார்ப்பது போதாது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் பார்வைப் புலப் பரிசோதனையும் வேண்டும்.

ஸ்டீராய்டைத்தான் முதலில் குறைக்க வேண்டும். பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 5 மி.கி.க்கு மேல் பராமரிப்புக் காலத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். முகம் உப்புவது கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பு தேய்வதும், சர்க்கரை ஏறுவதும், கண்புரையும் தெரியாமல் நடக்கின்றன. ஆனால் 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்குப் போவது சுலபமில்லை. லூபஸ் அடங்கியிருந்த 124 பேரை வைத்து பாரிஸில் செய்த ஆய்வில் (2020), 5 மி.கி.யைத் தொடர்ந்தவர்களில் 7 சதவீதத்தினருக்கும் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 27 சதவீதத்தினருக்கும் ஒரு வருடத்தில் நோய் மறுபடி கிளம்பியது. ஆகவே மாதக்கணக்கில் துளித்துளியாக இறக்க வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது வரை போகும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டேன் என்பதெல்லாம் இந்த ஒரு மாத்திரை விஷயத்தில் ஆகாது.

ஸ்டீராய்டு இறங்கி நிலையான பிறகு, மூன்று ஆண்டும் தாண்டி, குறைந்தது கடைசி ஒரு வருடம் முழுக்க நன்றாக இருந்தால், மைக்கோஃபெனோலேட்டைப் படிப்படியாகக் குறைக்கலாம். கடைசியில் ஹைட்ராக்ஸி குளோரோகுயினும், தேவைப்பட்டால் பிரஷர் மாத்திரையும் மிஞ்சும். அந்த பிரஷர் மாத்திரை, ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற வகையாக இருந்தால், பிரஷருக்கு மட்டும் கொடுத்தது அல்ல. வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைத்துப் புரதக் கசிவை அடக்குவதும் அதன் வேலை. "பிரஷர் நார்மல்தானே" என்று அதை நிறுத்துபவர்கள் உண்டு.

இனி கல்யாணப் பேச்சு. கல்யாணத்துக்கு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைக்கு மருந்தை மாற்ற வேண்டும். மைக்கோஃபெனோலேட் கருவைச் சிதைக்கக்கூடும். பிறந்தால் காது, உதடு, அண்ணம் போன்றவற்றில் குறைபாடு வரலாம். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நடைமுறையில் அதைவிட முன்னதாகவே, சில மாதம் முன்பே அசாதயோபிரினுக்கு மாற்றி, அதில் நோய் அடங்கி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பச்சைக்கொடி காட்டுவார்கள். அசாதயோபிரின், டாக்ரோலிமஸ், குறைந்த அளவு பிரெட்னிசோலோன், ஹைட்ராக்ஸி குளோரோகுயின் ஆகியவை கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை கர்ப்பத்தில் ஆகாது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்தால்தான் கர்ப்பம் பாதுகாப்பு. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சேர்ப்பார்கள். லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் இருக்கும் ரோ எதிர்ப்பொருள், பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இரண்டையும் அதற்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது. முதலாவது இருந்தால் சிசுவின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும், இரண்டாவது இருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து. இரண்டாவது இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் கூடாது. மைக்கோஃபெனோலேட் சாப்பிடும் காலம் முழுக்க நம்பகமான கருத்தடை வேண்டும். கல்யாணம் ஆன மறுமாதமே "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்கும் ஊரில் இதை மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் எப்படிச் சமாளிப்பாள்?

நீங்கள் கேட்காத ஒன்று இது, ஆனாலும் சொல்கிறேன். நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்தால், மாத்திரையையும் மறைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். மறைத்துச் சாப்பிடுகிற மாத்திரை முதலில் தவறும், பிறகு நிற்கும். நன்றாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதற்கு மருந்தைச் சரியாகச் சாப்பிடாததே ஒரு முக்கியக் காரணம். அடுத்த சந்திப்புக்கு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். அப்படி வர மறுக்கும் வீடு என்றால், என் பார்வையில், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

கண்காணிப்பு பெரிய விஷயமில்லை, விடாமல் செய்வதுதான் முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம், சிறுநீரில் சிவப்பணு, ரத்தத்தில் கிரியேட்டினின், ரத்த அணுக்கள், லூபஸ் கிளம்புகிறதா என்று காட்டும் சி3, சி4, டிஎஸ்-டிஎன்ஏ எதிர்ப்பொருள். நாளொன்றுக்குப் புரதம் 0.7 கிராமுக்குள் ஓராண்டு முடிவில் இறங்கியவர்களுக்கு நீண்டகாலத்தில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. உங்கள் தங்கை அதைத் தாண்டியே வந்திருக்கிறாள். இடையில் சிறுநீர் நுரைத்தாலோ, காலில் வீக்கம் வந்தாலோ, மூட்டுவலியோடு முகத்தில் தடிப்பு வந்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலும் அப்படியே. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையில் இருப்பவருக்கு நம் நாட்டில் காசநோயை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம். அம்மை தடுப்பூசி போல உயிருள்ள கிருமி வகை கூடாது.

புதிய மருந்துகள் பற்றி இணையத்தில் படித்திருப்பீர்கள். பெலிமுமாப் ஊசியை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து 448 பேரிடம் பார்த்த ஆய்வில் (2020), இரண்டு ஆண்டில் சிறுநீரகம் நன்றாகத் தேறியவர்கள் 43 சதவீதம், ஊசி இல்லாதவர்களில் 32 சதவீதம். வோக்ளோஸ்போரின் மாத்திரை சேர்த்ததில் ஓராண்டில் முழுமையாகத் தேறியவர்கள் 41, சேர்க்காதவர்களில் 23 சதவீதம். ஒபினுடுசுமாப் என்ற ஊசிக்கும் 2025-இல் நல்ல முடிவுகள் வந்தன. நல்ல மருந்துகள்தான், ஆனால் முதல் சிகிச்சையிலேயே இவ்வளவு தேறிய ஒருவருக்கு இன்று எதுவும் சேர்க்கத் தேவையில்லை. நோய் திரும்பினால், அல்லது புரதம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அப்போது பேசலாம். வோக்ளோஸ்போரினின் பழைய உறவுக்காரரான டாக்ரோலிமஸ் இங்கே எளிதாகக் கிடைப்பதையும் அப்போது மறக்க வேண்டாம்.

கடைசியாக, உறவினர் சொன்ன நாட்டு மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயர் தெரியாத பொட்டலமும் பற்பமும் வேண்டாம். பாதரசம் கலந்த சில பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு நெல்1 வகைச் சிறுநீரக நோய் (வடிகட்டிகளின் சவ்வு தடிக்கும் ஒரு நோய்) வருவதை, சென்னையில் பயாப்சிகளைப் பார்க்கும் மருத்துவர்களே 2022-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த நோயிலும் புரதம்தான் ஒழுகும். லூபஸ் திரும்பிவிட்டதா, பொட்டலம் செய்த வேலையா என்று பிரித்தறிய இன்னொரு பயாப்சி தேவைப்படும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையும் அவளுக்கு ஆகாது. வலிக்கு பாராசிட்டமால் போதும், அதில் அடங்காத வலி என்றால் மாத்திரை வாங்காமல் மருத்துவரிடம் போங்கள்.